கொழுப்பு டாக்டர் ரத்தம் கேட்ட கதை

கல்யாணப் பந்தியில் தன் இலையைப் பார்க்காமல் எதிர்வரிசைக்காரரின் கண்ணிமையைப் பார்க்கிற ஆள் இந்தச் சென்னையிலேயே ஒருவர்தான். எங்கள் கோபாலபுரம் தெருவில் அவருக்குப் பெயர் கொழுப்பு டாக்டர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு ஞாபகமிருந்தால் உண்டு.

கொலஸ்ட்ரால் என்ற வார்த்தையே ஊரில் புழங்காத காலத்தில் அதை ஆராயக் கிளம்பியவர். இங்கே பாதிப் பேருக்குச் சோறே இல்லை, கொழுப்புக்கு எங்கே போவது என்று மேலதிகாரிகள் சிரித்தார்களாம். ஒல்லியானவர்களுக்கும் அது பரம்பரையாக வரும் என்று காட்டுவதற்காக, விடிந்ததும் வீடு வீடாகப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார். கொடுத்தவர்களுக்குத் தன் செலவில் இட்லி. வடை கேட்டவர்களிடம் இன்னொரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டார்.

ரிட்டயரான பிறகும் கண் சும்மா இருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வடபழனியில் எங்கள் தெருப் பெண்ணின் கல்யாணம். என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா டீச்சரும் அவள் கணவர் சேவியரும் வந்திருந்தார்கள். ஸ்டெல்லாவுக்குக் காற்றடித்தால் பறக்கிற உடம்பு. ஆனால் இமையோரம் மஞ்சளாக ஒரு சின்னத் தடிப்பு. சாம்பார் வந்தது, ரசம் வந்தது, டாக்டர் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

சேவியருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், ரொம்ப நேரமா பார்த்துக்கினே கீறீங்க?"

"ஒண்ணுமில்ல. உங்க வீட்டம்மாவுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நினைக்கிறேன்."

இமையில் மஞ்சள் தடித்தால் ரத்தத்தில் கொழுப்பு இருக்கலாம் என்ற மருத்துவ உண்மையைத் தமிழில் இதைவிட மோசமாகச் சொல்ல முடியாது. சேவியர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். விலக்கப் போன எனக்கு முழங்கை வரை பாயசம்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க சாந்தோமில் அவர்கள் வீட்டுக்குப் போனார் டாக்டர். கையில் பழம் இல்லை, ஊசி. ஆளைக் கிளப்பினால் போதுமென்று ஸ்டெல்லா கையை நீட்டினாள். ரிசல்ட்டைப் பார்த்ததும், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் போனார்களா என்று கேட்டார். அப்பா, நாற்பத்திரண்டு வயதில், நெஞ்சுவலி என்றாள். அவளுடைய ஒரே தம்பி அருளுக்கு அப்போது நாற்பத்தொன்று.

அருள் கடற்கரையில் தினமும் கால்பந்து ஆடுகிறவன். எனக்கா கொழுப்பு என்று விரட்டிவிட்டான். டாக்டர் விடவில்லை. தினமும் போய் கோல் பக்கத்தில் நின்றார். பந்து மண்டையில் பட்டும் நின்றார். கடைசியில் கூட ஆடுகிறவர்களே பொறுக்காமல், "மச்சி, குடுத்துத் தொலைடா, ஆட்டம் கெடுது" என்று அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

ரத்தம் சரியில்லை; மேற்கொண்டு சோதித்தால் இதயத்தில் பெரிய அடைப்பு. பைபாஸ் முடியும்வரை டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். நடுவில் கேன்டீன்காரரோடு போண்டா எண்ணெய் விஷயமாக ஒரு சண்டை.

போன ஞாயிற்றுக்கிழமை அருளுக்கு நாற்பத்து மூன்று. அவன் அப்பாவுக்கு வாய்க்காத பிறந்தநாள். கேக்கின் முதல் துண்டை சேவியர்தான் டாக்டருக்கு ஊட்டிவிட்டார். அவர் என்ன க்ரீம் என்று விசாரிக்கவில்லை. முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார். மீசையில் க்ரீம் ஒட்டியிருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.