செம்புள்ளி வைத்த கீரி

ஒரு காட்டில் ஏகாம்பரம் என்றொரு கீரி இருந்தது. வீரமும் கூரிய பார்வையும் உள்ள கீரி என்று அதைச் சொல்வார்கள். சொன்னது பெரும்பாலும் அந்தக் கீரியேதான். யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலத் தொடங்கினால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமே என்று பார்த்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. அந்தக் கீரி நான்தான்.

அந்த வருஷம் மழை இல்லை. காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதற்குப் போகும் வழி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். அந்தப் பள்ளத்தில் ஒரு கழுதைப்புலி குடிவந்தது. முதல் வாரம் ஒரு முயலைக் கொண்டுபோனது. அடுத்த வாரம், அண்ணனைத் தேடிப்போன தம்பி முயலைக் கொண்டுபோனது. அதன்பிறகு எங்கள் தெருவில் எல்லோரும் கூட்டமாகவே தண்ணீருக்குப் போனோம்.

வன அலுவலகம் தெருவுக்கு ஒரு கைத்துப்பாக்கி என்று அனுமதி கொடுத்தது. அதை யார் வைத்துக்கொள்வது என்று தெருக்கூட்டம் நடந்தபோது, என் தாத்தா நல்லபாம்போடு சண்டை போட்ட கதையை எடுத்துவிட்டேன். அந்தச் சண்டையில் தாத்தா செத்துப்போனதை மட்டும் சொல்லவில்லை. துப்பாக்கி எனக்கே வந்தது. தினமும் இடுப்பில் இருக்க வேண்டும், வீட்டில் வைத்துவிட்டு வெளியே போகக்கூடாது என்பது நிபந்தனை. அது எனக்குப் பிடித்த நிபந்தனை. காய்கறி வாங்கப் போகும்போதுகூட, பை இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன், உறை தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன்.

ஒரு கறையான் புற்றை வைத்துச் சுட்டுப் பழகினேன். பத்துக் குண்டில் இரண்டு பட்டது. புற்று என்னைவிட ஆறு மடங்கு உயரம்.

காரணம் எனக்குத் தெரியும். துப்பாக்கியின் முன்முனையில் குறி பார்ப்பதற்காக ஒரு சின்ன இரும்பு மூக்கு உண்டு. அது எனக்குப் பஞ்சு மாதிரி தெரிந்தது. எட்டு வயதாகிவிட்டது. கீரிக்கு அது ஓய்வூதியத்துக்கு எழுதிப்போடும் வயது. இதை என் மனைவி சிட்டம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்றேன்.

அப்போதுதான் செம்புள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பாதி தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. துப்பாக்கியின் மேல் திருகிவிட வேண்டும். அதிலுள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தால் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். புள்ளியை எதிரியின் மேல் வைத்துச் சுட்டால் போதும், முன்மூக்கைத் தேட வேண்டாம். அன்றே வாங்கிப் பூட்டினேன். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினேன். கேட்காதவர்களையும் விடவில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்தது புள்ளியாக இல்லை. மிதிபட்ட கோவைப்பழம் மாதிரி இருந்தது.

பழுதுபார்ப்பு நிலையத்துக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் ஒரு முள்ளம்பன்றி, திரை உடைந்த செல்போனோடு நின்றது. எப்படி உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை. என் முறை வந்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘கோளாறின் தன்மை’ என்ற இடத்தில், ‘புள்ளி புள்ளியாக இல்லை’ என்று எழுதினேன்.

பழுது பார்ப்பவள் பெருமாயி என்ற மரங்கொத்தி. கருவியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

“எனக்கு வட்டமாத்தான் தெரியுது சார்.”

“இன்னும் உத்துப் பாரும்மா.”

“உத்துப் பாத்தாலும் வட்டம்தான்.”

திருகாணிகளை முடுக்கி, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். பத்து நாளில் திரும்பப் போனேன், புள்ளி மறைந்துவிட்டது என்று. அவள் ஒரு ஊசியால் உள்ளேயிருந்து எதையோ எடுத்துக் காட்டினாள். “இது உங்க வயித்து முடி சார். தினமும் இடுப்புல வெச்சிருக்கீங்கல்ல, வாரம் ஒருதரம் துடைக்கணும்.”

மூன்றாவது தடவை, அது தானாக அணைந்துவிடுகிறது என்று புகார் சொன்னேன்.

“அசையாம இருந்தா தூங்கிடும். கையில எடுத்தா முழிச்சுக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க” என்றாள்.

“பேட்டரி தீர்ந்துடுமோன்னு தினம் சாயங்காலம் கழட்டி வெச்சிடுறேன்.”

“கழட்டாதீங்க சார். போட்டது போட்டபடி வருஷக்கணக்கா எரியும்.”

பிறகு கொஞ்சம் தயங்கினாள். ஜன்னலுக்கு வெளியே சிறகை நீட்டி, “அந்தக் கிளையில எத்தனை கிளி உக்காந்திருக்கு?” என்றாள்.

“ஆறு.”

“மூணு சார்” என்றாள், மெதுவாகத்தான். “கண்ணுல கோளாறு இருந்தா புள்ளி இப்படித்தான் நசுங்கித் தெரியும். ஒருதரம் கண்ணைக் காட்டிடுங்க.”

பின்னால் வரிசையில் ஒரு நரி சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடானது. இன்னொரு படிவம் கேட்டு வாங்கினேன். ‘பணியாளர், வாடிக்கையாளரின் கண்ணை அவமதித்தார்’ என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பதினோரு பேர் தண்ணீருக்குப் புறப்பட்டோம். நான் முன்னால். எனக்குப் பின்னால் குடத்தோடு சிட்டம்மா. கடைசியில் அஞ்சலை என்ற சருகுமான். வலையில் சிக்கி ஒரு கால் போனவள், ஓட முடியாது. பள்ளத்தில் இறங்கிப் பாதி வழி வந்தபோது கழுதைப்புலி எழுந்து பாதையில் நின்றது. இருபது அடி தூரம்.

“எல்லாரும் போகலாம்” என்றது. குரலில் கோபம் ஏதுமில்லை. “அந்த நொண்டி மான் மட்டும் இருக்கட்டும்.”

எல்லோரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியில் என் மனதில் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றில் ஒன்று போனால் பத்து என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் திரும்பி அஞ்சலையைப் பார்க்கவும் செய்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தைவிட்டு ஒரு அடி விலகி நின்றாள்.

அதைப் பார்த்ததும்தான் துப்பாக்கியை எடுத்தேன். கண்ணாடிக்குள் பார்த்தேன். புள்ளி இல்லை. கோவைப்பழம்கூட இல்லை. தூங்குகிறதோ என்று ஆட்டினேன். வயிற்று முடியில் வைத்துத் துடைத்தேன். இருந்த தெளிவும் போனது. மறுபடி ஆட்டினேன்.

கழுதைப்புலி தலையைச் சாய்த்துப் பார்த்தது. “என்ன பண்றீங்க?”

“புள்ளி வரலை.”

“பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடிங்க.”

அழுத்திப் பிடித்தேன். வரவில்லை.

“பேட்டரி இருக்கா?”

“இருக்கு” என்றேன், அதட்டலாக.

“அப்போ எனக்குத் தெரியலை” என்று சொல்லிவிட்டு, அது என்னைச் சுற்றிக்கொண்டு அஞ்சலையை நோக்கி நடந்தது. நான் அப்போதும் பொத்தானைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன்.

சிட்டம்மா குடத்தைக் கீழே வைத்தாள். “ஏங்க, இங்க குடுங்க” என்று என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள். கண்ணாடியை அவள் பார்க்கவேயில்லை. யாரையாவது கைகாட்டுவதுபோலத் துப்பாக்கியை நீட்டிச் சுட்டாள். கழுதைப்புலியின் முன்கால்களுக்கு நடுவே இருந்த கல் தூளானது. இரண்டாவது குண்டில் அதன் காதோரம் மயிர் பறந்தது. மூன்றாவதுக்கு அது நிற்கவில்லை. பள்ளத்தின் மறுகரை ஏறி ஓடியது. அதன்பிறகு அந்தப் பக்கம் யாரும் அதைப் பார்க்கவில்லை.

“எதைப் பார்த்துக் குறி வெச்சே?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

“அவ்ளோ பெருசா நின்னுச்சே. தனியா எதைப் பாக்கணும்?” என்றாள். பிறகு அஞ்சலையின் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தினாள். நான் அஞ்சலையின் முகத்தைப் பார்க்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பேட்டரி உப்பு டப்பாவின் மூடிமேல் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கழற்றி வைத்த இடத்திலேயே. சிட்டம்மாவும் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் வன அலுவலகத்திலிருந்து எழுத்தர் சிதம்பரநாதன் வந்தார். ஆமை. அவர் இரண்டு நாள் முன்பே கிளம்பிவிட்டார் என்றும், அப்போது சம்பவமே நடக்கவில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு. துப்பாக்கி வெடித்தால் படிவம் நிரப்ப வேண்டும். பதினான்காவது கேள்வி: ‘சம்பவத்தின்போது கருவி பழுதாயிற்றா?’

‘இல்லை’ என்றால், பின் நீ ஏன் சுடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். பேனாவை எடுத்தேன். சிட்டம்மா அடுப்படியிலிருந்து என்னையே பார்த்தாள். ‘ஆம்’ என்பதில் குறியிட்டேன்.

அலுவலகம் அதை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொண்டது. செம்புள்ளியை நம்பலாமா என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். நேரடி அனுபவம் உள்ளவர் என்பதால் என்னைத் தலைவராக்கினார்கள். துப்பாக்கி சிட்டம்மாவின் பேருக்கு மாறியது. உறை இருந்த இடத்தில் நான் குழுவின் கோப்பைச் சொருகிக்கொண்டேன்.

முதல் கூட்டத்துக்குப் பெருமாயியை வரவழைத்தோம். ஒரு மாதம் சோதித்த விவரங்களோடு வந்தாள். கருவியை மரத்திலிருந்து நாற்பது தடவை போட்டிருக்கிறாள், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறாள், அறுநூறு குண்டு சுட்டிருக்கிறாள். ஒருதரம்கூடப் புள்ளி அணையவில்லை, இடம் மாறவும் இல்லை.

உறுப்பினர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைக் கனைத்தேன்.

“பேட்டரி இல்லாமல் சோதித்தீர்களா?”

“இல்லை சார்.”

“பேட்டரி இல்லாவிட்டால் எரியுமா?”

“எரியாது சார்.”

“குறித்துக்கொள்ளுங்கள்” என்றேன் சிதம்பரநாதனிடம். அவர் குறித்து முடிக்க மத்தியானம் ஆயிற்று. ‘சில சூழ்நிலைகளில் கருவி நம்பத்தக்கதன்று’ என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

எல்லோரும் டீ குடிக்கப் போனபிறகு பெருமாயி மட்டும் என் மேசையருகே வந்தாள். அவள்மேல் நான் எழுதிப்போட்ட புகாரால் அவளுக்கு ஆறு மாதம் பதவி உயர்வு தள்ளிப்போயிருந்தது. அதை அவள் சொல்லவில்லை. கோப்பில் இருந்தது.

“சார், கண்ணைக் காட்டினீங்களா?” என்று கேட்டாள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்.

நான் தீர்மானத்தை எடுத்து, கையை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டு, படிப்பதுபோல ஒருமுறை பார்த்தேன். பிறகு சொன்னேன்: “அது இந்தக் குழுவின் வரம்புக்குள் வராதும்மா.”

நீதி: தவறு கருவியுடையதா நம்முடையதா என்று சந்தேகம் வந்தால், நேரம் கடத்தாமல் ஒரு குழு அமைத்து அதற்குத் தலைவராகிவிட வேண்டும்.