உள்காற்றில் ஒரு விசாரணை

எங்கள் ஊரில் தூசி இருக்கிறதா இல்லையா என்பதை நாங்கள் முடிவு செய்ய முடியாது. அதற்கென்று அரியலூரில் ஓர் அலுவலகம் இருக்கிறது.

சுண்ணாம்புக்கல் லாரிகள் பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் போகும், தார்ப்பாய் போடாமல். எங்கள் ஊர் எருமைகள் மத்தியானத்துக்குள் பசு நிறத்துக்கு வந்துவிடும். பரிமளாவின் மகள் பிரவீணாவுக்கு வீசிங். படுத்தால் இருமல், எழுந்தால் இருமல், பிள்ளை கண்மூடித் தூங்கிப் பல நாளாயிற்று. லாரிகளை ஊருக்கு வெளியே திருப்பிவிடுங்கள் என்று பரிமளாதான் மனு எழுதினாள். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். அதுவே எங்கள் வீரம்.

மனுவின் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது. காற்றுத் தூய்மைச் சிறப்பு அலுவலர் திரு. ராசாங்கம் அவர்கள் உச்சி வெயிலில் புத்தம்புதுக் காரில் எழுந்தருளினார். கதவு திறக்கவில்லை. டிரைவர் வெள்ளைச்சாமி தன் பக்கக் கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி, சார் ஆய்வைத் தொடங்கிவிட்டார் என்று அறிவித்து, உடனே ஏற்றிக்கொண்டார்.

இரண்டு லாரிகள் போயின. எதிரே நின்ற டீக்கடை செல்லப்பன் கொஞ்ச நேரம் காணாமல் போய், மறுபடி தெரிந்தார். காருக்குள் அலுவலர் மூச்சை இழுத்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். எதுவும் தட்டுப்படவில்லை. மனுதாரர் வரட்டும் என்று உத்தரவாயிற்று. பரிமளா மகளோடு பின் சீட்டில் ஏற்றப்பட்டாள். சாட்சியாகச் செல்லப்பனும் ஏறினார். உள்ளே நடந்ததை அவர்தான் எங்களுக்குச் சொன்னார்.

"தூசி எங்கம்மா இருக்கு?" என்று அலுவலர் கேட்டார்.

"வெளிய இருக்குங்க சார். நீங்க ஏ.சி.யை உள்காத்துல வச்சிருக்கீங்க. இருக்கிற காத்தே திரும்பத் திரும்பச் சுத்துது. அந்தப் பட்டனை அமுக்கி வெளிக்காத்தை வுடுங்க, தெரியும்."

பரிமளாவின் புருஷன் பெரம்பலூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவளுக்குத் தெரியாதா? அலுவலரின் விரல் பட்டன் வரை போய்விட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. வெளிக்காற்றை விட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், புதுசு கேட்டு மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று வெள்ளைச்சாமி பணிவாக நினைவூட்டினார்.

"என்ன காரணம்னு எழுதுறது?"

"தூசின்னு எழுதுங்க சார்" என்றாள் பரிமளா.

"தூசி இருக்குன்னு நான் இன்னும் முடிவு பண்ணலியேம்மா. முடிவு பண்ணாம ஃபில்டர் கேட்டா ஆடிட்டுல மாட்டிக்குவேன்."

விரல் திரும்பி வந்தது. செல்லப்பனைச் சாட்சி கேட்டார்கள். ஏ.சி.யின் பதினெட்டு டிகிரி அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லாத மனிதர். இந்த இடத்தில் காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அது அப்படியே பதிவாயிற்று.

பரிமளாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு நிமிஷம் கீழே இறங்கி நில்லுங்கள் என்று கேட்கத்தான் கதவில் கை வைத்தாள். அப்போதுதான் மடியைப் பார்த்தாள். பிரவீணா தூங்கிக்கொண்டிருந்தாள். இருமல் இல்லை, இழுப்பு இல்லை, வாய் லேசாகத் திறந்திருந்தது.

அலுவலரும் பார்த்தார். பாதிக்கப்பட்டதாகக் கூறப்படும் சிறுமி ஆய்வு நேரம் முழுவதும் ஒருமுறைகூட இருமவில்லை என்று எழுதி, கீழே மனுதாரர் கையெழுத்துக்கு நீட்டினார்.

பரிமளா சத்தம் போட்டிருப்பாள். போட்டால் பிள்ளை விழித்துக்கொள்ளும். கதவிலிருந்து கையை எடுத்து, மடி அசையாமல் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னும் செத்த நேரம் விசாரிங்க சார்" என்றாள் மெதுவாக.

வெளியே விஷயம் பரவிவிட்டது. நாங்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எங்களையும் விசாரிக்க வேண்டும் என்று கார்க் கதவருகே வரிசையில் நின்றோம்.