தனி ஆள் வீடு பார்த்த கதை

நான் சந்தேகக்காரன். இதை என் மனைவி சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. மீன் வாங்கும் எல்லோரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். நான் செவுளைப் பார்த்த பிறகு விற்பவரின் முகத்தையும் பார்ப்பேன். "நேத்து மீனா?" என்று கேட்பேன். அவர் "இல்ல" என்று உடனே சொன்னால், ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறார் என்று யோசிப்பேன். (சந்தையில் இரண்டு பேர் என்னைக் கண்டாலே மீன் முடிந்துவிட்டது என்பார்கள்.) இப்படிப்பட்ட ஒருவன் வீடு வாங்கப் புறப்பட்டான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடிந்ததும் ஆண்பிள்ளை ஒரு பெட்டியோடு மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படித்தான் சாய்ந்தமருதில் நஸ்ரினின் வீட்டுக்குப் போனேன். மாமாவுக்கு ஒரு வீடு, இரண்டு பெண்பிள்ளைகள். எட்டு வருடம் கழித்து இளையவளுக்குக் கல்யாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்டது வீட்டைத்தான். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "வீட்ட தங்கச்சிக்கே குடுங்க மாமா. நஸ்ரினுக்கு நான் ஒரு வீடு பாக்கன்" என்று சொல்லிவிட்டேன். மாமி கண்ணைத் துடைத்தார். நஸ்ரின் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

சொன்ன பிறகுதான் விலை விசாரித்தேன். கல்முனையும் அதை ஒட்டிய ஊர்களும் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பவை. ஒரு வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டில் படம் மாட்டலாம். அங்கே ஒரு பேர்ச் காணிக்கு, அதாவது ஓர் அறை அளவு நிலத்துக்கு, சொல்லும் விலையைக் கேட்டால், அடியில் எண்ணெய்க் கிணறு இருக்கிறதோ என்று தோன்றும். அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கும் எனக்கு அந்த விலைக்கு ஒரு வாசல் கேட்டும் இரண்டு தூணும்தான் கிடைத்திருக்கும். கல்யாணமோ ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு என்று முடிவாகிவிட்டது. அதற்குள் வீடு கிடைக்காவிட்டால், புது மாப்பிள்ளை வந்து இறங்கும் வீட்டில் பழைய மாப்பிள்ளையாகிய நான் மனைவி பிள்ளைகளோடு கூடத்தில் பாய் விரித்துக் கிடக்க வேண்டும். அந்த நினைப்பே என்னைத் தூங்க விடவில்லை.

அப்போதுதான் அந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டேன். நற்பிட்டிமுனையைத் தாண்டி மேற்கே, வயல்களுக்கு நடுவே போகும் வீதியில் ஒரு ஊர். (பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அங்கேதான் குடியிருக்கிறேன்.) இருபது பேர்ச் வளவு, இரண்டு அறை, நல்ல கிணறு, காய்க்கும் மாமரம் இரண்டு. விலை எங்கள் பக்கத்து விலையில் கால்வாசி. வேறு யாராக இருந்தாலும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருப்பார்கள். நான் எங்கே ஓட்டை என்று தேடத் தொடங்கினேன்.

நஸ்ரின் கூட வருகிறேன் என்றாள். நான் விடவில்லை. "குடும்பத்தோட போனா நமக்கு அவசரம் எண்டு வெளங்கிரும். வெல கூடும். நான் தனியப் போறன்" என்றேன்.

வீடு பரீதா என்ற பெண்ணுடையது. நாற்பது வயதிருக்கும், கணவர் இறந்து ஆறு வருடம். வெளியே கதைப்பதெல்லாம் அவருடைய மூத்த சகோதரர் காசிம் காக்கா. நெல் வியாபாரி, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். விலை ஏன் குறைவு என்று கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார்.

"மாரியில இந்த ரோட்டுக்கு மேலால வெள்ளம் போகும் தம்பி. நாலஞ்சு நாளைக்கு அங்கால போக ஏலா. அதான் டவுன் ஆக்கள் வாங்குறல்ல. தங்கச்சி தனிய இருக்கப் பயப்புடுறா. என்ட வளவுக்குள்ள அவவுக்கு ஒரு வீடு கட்டி முடிச்சிட்டன்."

தெளிவான பதில். ஆனால் ஒருவர் கேட்டவுடன் உண்மையைச் சொன்னால் அதன் பின்னால் பெரிய பொய் ஒன்று இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் என் கொள்கை. அவர் தன் முறைக்கு, "ஒங்களுக்கு எத்தின புள்ளயள்?" என்று கேட்டார். குடும்பஸ்தன் என்று தெரிந்தால் விலையை ஏற்றுவார் என்று எனக்குள் மணி அடித்தது.

"நான் தனி ஆள்தான் காக்கா" என்றேன்.

இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கண் இமைக்காமல் சொன்னேன். காசிம் காக்காவின் முகம் மலர்ந்தது. வெறும் தேத்தண்ணீர் வைத்த இடத்தில் பால் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் வந்தன. ஆஹா, எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். சுவரைத் தட்டினேன். வெள்ளம் ஏறிய அடையாளம் இருக்கிறதா என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரை அள்ளி மூக்கருகே பிடித்து மூன்று தரம் மணந்து, ஒரு போத்தலில் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன். (நஸ்ரின் அதில் தேத்தண்ணீர் போட்டுக் குடித்துவிட்டு, நல்லா இரிக்கி என்றாள்.) பரீதா கதவு நிலைக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இடியப்பமும் கோழிக்கறியும் தந்தார்கள். வீடு விற்கிற ஆள் வாங்க வந்தவனுக்கு ஏன் கோழி அறுக்க வேண்டும்? என் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. ஜின் கின் ஏதும் இருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

வீட்டில் குற்றம் கிடைக்காததால் வீட்டுக்காரியிடம் தேடலாம் என்று முடிவு செய்தேன். சந்தியிலிருந்த தேத்தண்ணீர்க் கடையில் போய் உட்கார்ந்து, கடைக்காரரிடம் தணிந்த குரலில் விசாரித்தேன். அந்தப் பரீதா ஆள் எப்படி, கோபக்காரியா? சகோதரங்களோடு ஒற்றுமையா? உடம்புக்கு வருத்தம் ஏதும் இருக்கிறதா? மௌத்தான கணவரின் ஆட்களால் பின்னுக்குப் பிரச்சினை வருமா? இதே கேள்விகளைப் பக்கத்து வீட்டிலும், பள்ளிவாசல் வாசலில் நின்ற இரண்டு பெரியவர்களிடமும் கேட்டேன். காணி உறுதிப் பத்திரத்தில் வில்லங்கம் வரக்கூடாது என்பது மட்டும்தான் என் நோக்கம்.

ஆனால் எங்கள் ஊர்களில் தனி ஆள் ஒருவன் வந்து, ஒரு பெண்ணின் குணத்தையும் உடல்நலத்தையும் சகோதரங்களையும் அக்கம்பக்கத்தில் மெதுவாக விசாரிக்கிறான் என்றால் அது எதற்கு என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதிலும் வீடு பெண்ணோடுதான் வரும் என்ற ஊரில், ஒரு ஆண்பிள்ளை வந்து கிணற்றையும் அறையையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணீருக்குக் காசு வேண்டாம் என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், சந்தேகப்பட வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து காசிம் காக்கா போன் எடுத்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு வாங்க. பள்ளி மரைக்காரும் வாறாரு. ஒங்கட பக்கத்திலயும் ஆக்களக் கூட்டிட்டு வாங்க. கதைச்சி முடிப்பம்."

பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காரை வைத்து என்னை அமுக்கப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். என் பக்கத்திலும் பலம் வேண்டும். பேரம் பேசுவதில் நஸ்ரினை வெல்ல ஆளில்லை. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வழியெல்லாம் அவளுக்குப் பாடம் நடத்தினேன்: முகத்தில் சந்தோஷத்தைக் காட்டாதே, மாமரத்தைப் பார்க்காதே.

வாசலிலேயே வாசனை வந்தது. உள்ளே பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். மரைக்கார் நடுவில் இருந்தார். தொப்பி போட்ட நாலைந்து பேர் சுற்றி இருந்தார்கள். வெற்றிலைத் தட்டம், வட்டிலப்பம், வாழைப்பழம். காசிம் காக்கா புதுச் சாரம் உடுத்தி, கையை விரித்துக்கொண்டு வந்தவர் என் பின்னால் பார்த்து நின்றுவிட்டார்.

"இது ஆரு?"

"என்ட மனிசி. இது ரெண்டும் புள்ளயள்" என்றேன். என் மகன் அதற்குள் வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான்.

மரைக்கார் தொண்டையைச் செருமினார். "தம்பி, நீங்க தனி ஆள் எண்டு சொன்னதாமே."

"அது வெல கூடிரும் எண்டு சொன்ன."

"என்ன வெல?" என்று கேட்டார் காசிம் காக்கா.

"வீட்டு வெலதான் காக்கா."

நஸ்ரின் பாயைப் பார்த்தாள், வெள்ளைத் துணியைப் பார்த்தாள், வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிவதற்கு முன் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது. பூமி பிளந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன்.

"என்ட தங்கச்சிட மானத்தோட வெளயாட வந்தீங்களா?" காசிம் காக்காவின் குரல் தெருவுக்குக் கேட்டது. "ஊர் முழுக்கக் குணம் விசாரிச்சிட்டு இப்ப வீடாம். இந்த வளவ ஒங்களுக்குத் தர ஏலா. எழும்பிப் போங்க."

நான் உட்காரவே இல்லை, எழும்புவதற்கு. வீடு போய்விட்டது, மானம் அதற்கு முன்னமே போய்விட்டது, திரும்பிப் போகும் வழியில் மனைவியும் போய்விடுவாள் என்று நிச்சயமாகத் தோன்றியது. எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லவில்லை.

அப்போது உள்ளிருந்து பரீதா வெளியே வந்தார். சாதாரணச் சேலை, தலையில் முக்காடு, கையில் கரண்டி.

"ஏன் காக்கா கத்துறீங்க? நான் நேத்தே ஒங்களுக்கிட்டச் சொன்னன்தானே, இந்தாள் எனக்கு வேணாம் எண்டு. நீங்கதான் கேக்கல்ல."

கல்யாணம் முடித்த ஒருவனை இன்னொரு பெண் வேண்டாம் என்று சொன்னால் அவன் நிம்மதியடைய வேண்டும். எனக்கு ஏனோ நெஞ்சில் குத்தியது.

"ஏன் வேணாம்?" என்று கேட்டது நஸ்ரின்.

"கெணத்துத் தண்ணிய மூணு தரம் மணந்து பாத்த மனிசன். நாளைக்கு நான் ஆக்கிற சோத்தையும் மணந்துதான் திம்பாரு. என்னால ஏலா தாயே."

"மணந்துதான் திங்கிறாரு" என்றாள் நஸ்ரின். "எட்டு வருஷமா."

இருவரும் சிரித்தார்கள். நஸ்ரின் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மரைக்கார் தாடியைத் தடவுவதுபோல வாயை மூடிக்கொண்டார். பரீதா நஸ்ரினின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கதவு சாத்தப்பட்டது. வெளியே நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். காசிம் காக்காவிடம் இரண்டு தரம் கேட்டேன். அவர் எனக்கு முகம் தரவில்லை. தங்கையின் நல்வாழ்வுக்காகப் புதுச் சாரம் உடுத்தியிருந்த மனிதர் அவர். அவரை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அரை மணித்தியாலத்தில் கதவு திறந்தது. பரீதா தன் சகோதரரிடம் சொன்னார்: "வீட்ட நஸ்ரினுக்குக் குடுக்கன் காக்கா. அவட பேருக்குத்தான் உறுதி எழுதுற. அவர்ட பேருக்கு இல்ல."

விலை, மாரி வெள்ளம், காணி உறுதி என்று நான் ஒரு மாதமாகத் துருவித் துருவி அறிய முயன்ற எல்லாவற்றையும் நஸ்ரின் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். எல்லாம் காசிம் காக்கா முதல் நாள் சொன்னதுதான். சமைத்தது வீணாகக்கூடாது என்று மரைக்கார் சொல்ல, மாப்பிள்ளைக்கு வைத்த சாப்பாட்டை நான் மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். மணந்து பார்க்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் குடிவந்தோம். காசிம் காக்கா பல மாதம் எங்களோடு பேசவில்லை. முதல் மாரியில் வெள்ளம் வீதியை மூடி நாங்கள் வெளியே போக முடியாமல் இருந்தபோது, அவர்தான் உழவு இயந்திரத்தில் வந்து அரிசியும் மண்ணெண்ணெயும் இறக்கினார். "தனி ஆளுக்கு இவ்வளவு போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பரீதா தாத்தா (அக்காவை எங்கள் பக்கத்தில் தாத்தா என்போம்) இப்போது எங்கள் வீட்டில் ஒருவர் மாதிரி.

சாய்ந்தமருதிலிருந்து யார் வந்தாலும், இவ்வளவு பெரிய வளவு இந்த விலைக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்காமல் போவதில்லை. நஸ்ரின் தேத்தண்ணீரை வைத்துவிட்டு என்னைக் கை காட்டுவாள்.

"வீட்டுக்காரி இவர வேணாம் எண்டு கழிச்சிட்டா. கழிச்சத நான் எடுத்துக்கிட்டன். அதுக்குத்தான் வெலயில கழிவு."