ஓல்விக் அரங்கிற்குக் கடமான்கள் வந்த வரலாறு

பனிமுடி தரித்த பைன்மரங்கள் காவல் நிற்க, ஆண்டில் பாதி உறைந்தும் மீதி கொசு மண்டியும் கிடக்கும் வட மின்னசோட்டா நன்னாட்டில், ஓல்விக் கல்லூரியின் விளையாட்டுத்துறைத் தலைவியாய், கூடைப்பந்துக் களத்தின் கொற்றவையாய், உறக்கத்திலும் ஊதல்குழலைக் கழுத்தினின்று கழற்றாத உரவோளாய் வீற்றிருந்த மார்லிஸ் ட்வைட் என்னும் பெருமாட்டியை முதற்கண் வணங்குவோம். அவள் தோள் வாழ்க. அவள் ஊதல் வாழ்க. தொலைபேசியைத் தொட மறுத்த அவள் சுட்டுவிரலும் நீடு வாழ்க. அந்த விரலின் வீம்பன்றோ இவ்வரலாற்றின் வித்து.

ஏரியின் மேல்கரையில் ஓல்விக் கல்லூரி. கீழ்க்கரையில் ஹெல்மர் பல்கலைக்கழகம். ஓல்விக் மகளிர் அணிக்கு நீர்நாய்க் கொடி. ஹெல்மர் மகளிர் அணிக்குக் கடமான் கொடி. முன்னாளில் இரண்டும் ஒரே பிரிவில் ஆண்டுதோறும் பொருதன. அந்நாளில் ஓல்விக்கின் பழைய மரப்படி அரங்கு தேனடைபோல் மொய்த்துக் கிடக்கும். உள்ளே எழும் ஆரவாரத்தில் கூரைப்பனி அதிர்ந்து சரியும். பின்னர் ஹெல்மர் செல்வமும் செருக்கும் மிக்கு முதற்பிரிவுக்கு ஏறிப் போனது. ஓல்விக் இரண்டாம் பிரிவிலேயே நின்றது. அன்றோடு ஓய்ந்தது அந்தப் போர். அதன்பின் ஓல்விக் அரங்கில் வீராங்கனையரின் பெற்றோரும், உள்ளே கதகதப்பாக இருக்கிறதே என்று வந்தமரும் சில முதியோருமே மிஞ்சினர். வெறிச்சோடிய படிகளைக் காணும்போதெல்லாம் மார்லிஸின் வயிறு எரிந்தது.

மறுபடி ஒருமுறை மோதிப் பார்க்க இரு கரையும் துடித்தன. ஆயினும் முதலில் அழைப்பவர் யார்? அழைத்தவர் கெஞ்சியவர் ஆகிவிட மாட்டாரா? "நம்ம நம்பர் அவங்ககிட்ட இருக்கு" என்று மார்லிஸ் தன் பயிற்சியாளர் அவையில் சூளுரைத்தாள். கீழ்க்கரையில் ஹெல்மரின் விளையாட்டுத்துறைத் தலைவன், செந்தாடி வேந்தன் டுவேன் பிரெக்கி, "வேணும்னா அவங்க கூப்பிடட்டும்" என்று முழங்கினான். இவ்வாறு இரண்டு தொலைபேசிகள், எதிரெதிர்ப் பாசறைகளில் உறையிலிட்ட வாள்கள்போல, ஆண்டுக்கணக்கில் கிடந்தன.

வீம்பை உடைத்தது காற்று. ஒரு சனவரிப் பகலில், உறைந்த ஏரியின்மேல் ஊரே தற்காலிகக் குடில் போட்டு, பனியில் துளையிட்டுத் தூண்டில் இறக்கி அமர்ந்திருக்கையில், வடதிசையினின்று சீறி வந்த சூறை, மற்றக் குடில்களையெல்லாம் விட்டுவிட்டு டுவேனின் புத்தம்புதுக் குடிலை மட்டும் தூக்கிப் புரட்டியது. மீசையில் பனி கோத்து, ஒரு கையில் தூண்டிலும் மறு கையில் புழு டப்பாவுமாக, தேரிழந்த மன்னனைப்போல் அவன் நடந்து வந்து தட்டிய கதவு மார்லிஸின் குடில் கதவு.

"மார்லிஸ், உள்ள வரலாமா? என் குடிசை கவுந்துருச்சு."

"முதற்பிரிவுக் குடிசையே கவுந்துருச்சா? வா, வா. கதவச் சாத்து, குளிரு உள்ள வருது."

அடுப்பு கனன்றது. காப்பி ஆவி பறந்தது. இரு துளைகளில் இரு தூண்டில்கள், முழங்கை இடிக்கும் தொலைவில். வானிலை பற்றிப் பேசினர். பனி உருகச் சாலையில் உப்புத் தூவாத நகராட்சியை இருவரும் ஒருமனதாக வைதனர். பேச வேண்டியதோ இருவர் நெஞ்சிலும் பொதிபோல் கிடந்தது.

"உங்க பொண்ணுங்க இந்த வருஷம் நல்லா ஆடுதாமே" என்றான் டுவேன், துளையைப் பார்த்தபடி. "ஊரெல்லாம் பேச்சு அடிபடுது."

"பேச்சு மட்டும் அடிபட்டா போதுமா? நீங்க வந்து அடிபட்டுப் போங்களேன்."

"அப்ப, நீ கூப்பிடுற."

"நான் எங்கய்யா கூப்பிட்டேன்? பேச்சுக்குச் சொன்னேன்."

டுவேன் தாடியைத் தடவினான். "உள்ளதச் சொல்றேன் கேளு. உங்கள ஜெயிச்சா தரவரிசையில எங்களுக்கு ஒரு துளி ஏத்தம் கிடையாது. தோத்தோம்னா, என்னை இதே துளை வழியா உள்ள இறக்கிருவாங்க. வேணும்னா நீங்க எங்க அரங்குக்கு வாங்க. சீசனுக்கு முன்னாடி, கணக்குல வராத ஆட்டம்."

"கணக்குலயும் வராது, எங்க ஊர்லயும் இல்ல. அப்புறம் எங்களுக்கு எதுக்கு, பஸ்ஸு ஏறி வேடிக்கை பாக்கவா? ஆட்டம் எங்க அரங்குல. கணக்குல வரணும்."

"வராது."

"வரணும்."

சொல்லம்புகள் தீர்ந்தன. காப்பியும் தீர்ந்தது. அப்போது மார்லிஸ் எழுந்து, குடிலின் தாழ்ந்த கூரையில் தலை இடித்தும் தளராது, பேரறிவிப்பு ஒன்று விடுத்தாள்: "யாரு முதல்ல மீன் எடுக்கிறாங்களோ, அவங்க சொல்றபடி ஆட்டம். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிட்டேன். அப்புறம் அழக்கூடாது."

ஆகா, அந்தப் போரை எவ்வாறு உரைப்போம். வேலெறியும் வீரர் விழியிமையாது நிற்பதுபோல் இருவரும் நூலை நோக்கி இமையாது நின்றனர். அவன் புழு மாற்றினான்; அவள் நூலின் ஈயக்குண்டு மாற்றினாள். அவன் தன் அணியின் மூன்று கோப்பைகளைப் பற்றிப் பெருமை பேச, மீன் பயந்து ஓடுவதாக அவள் அவன் வாயை அடைத்தாள். வெளியே காற்று முரசு அறைந்தது. பக்கத்துக் குடிலில் எவரோ பெருமீன் பிடித்த கூவல் எழ, இருவர் முகமும் ஒருசேரக் கறுத்தது.

அக்கணம் மார்லிஸின் நூல் துடித்தது.

கடல்கடைந்த மத்துபோல் அவள் கை சுழன்றது. ஆழத்து அரசனோ, அகழியின் முதலையோ என்று நெஞ்சம் பொங்க, நீர்விளிம்பில் எழுந்தது விரல் நீளப் பெர்ச் மீன் ஒன்று. எழுந்ததும் உதறியது, முள் நழுவியது, மீன் துளைக்குள் சரிந்தது. வாகை கைக்கெட்டி வழுவியதே என்று அவள் திகைத்து நிற்கையில், நடக்கலாகாதது நடந்தது. சிறு வயது முதல் இவ்வேரியில் மீன் பிடித்தவன், தப்பும் மீனைக் கண்டால் கை தானாகப் பாயும் பழக்கத்தவன், டுவேன் பிரெக்கி, முழங்கை வரை அந்தப் பனிநீரில் கையை விட்டு, தன்னைத் தோற்கடிக்க வந்த அந்த மீனைத் தானே பற்றி மேலே தூக்கிவிட்டான்.

தூக்கிய பிறகே அவனுக்கு உறைத்தது. "அடக் கடவுளே" என்றான் மெல்ல. "நான் என்ன காரியம் பண்ணிட்டேன்."

"என் மீனைப் புடிச்சிருக்க."

"கையில வெச்சிருக்கிறது நானு. அப்ப எடுத்தது நான்தானே?"

"கடிச்சது என் புழுவ."

மேலும் வாதிட மார்லிஸ் வாய் திறந்தாள். அவன் சட்டைக்கை அதற்குள் விறைத்துப் பலகையாகி, பற்கள் தாளம் போடுவதைக் கண்டாள். மீனை மட்டும் அவன் விடவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மீனை மறு கைக்கு மாற்றச் சொல்லி, தன் உலர்ந்த கம்பளிக் கையுறையைக் கழற்றி அவன் நனைந்த கையில் மாட்டி, அடுப்பை அவன் பக்கம் தள்ளினாள். பழைய மரப்படிகள் அவள் கண்ணில் ஆடின. கணக்கில் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன. அந்தப் படிகளில் ஆள் உட்கார வேண்டும், அவ்வளவுதான் தன் ஆசை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"தூண்டில் என்னுது, கை உன்னுது" என்றாள். "ஆட்டம் எங்க அரங்குல. கணக்குல வேணாம், போ."

டுவேன் சற்று நேரம் மீனைப் பார்த்தான், மீனும் அவனைப் பார்த்தது. "எங்க கோச் என்னைக் கொன்னுருவா" என்றான். பிறகு மீனைத் துளைக்குள் விட்டுவிட்டு, உறை மாட்டிய கையை நீட்டினான்.

அவ்வண்ணமே, இலையுதிர்ந்த அடுத்த நவம்பரில், இரு கரையினரும் நீலமும் செம்மையும் போர்த்துத் திரண்டு வர, படியில் இடமின்றிச் சுவரோரம் நின்றோரும், தந்தையர் தோளேறிய மழலையரும், எக்காளம் ஊதும் மாணவரும், எதிரணிக்கு ஊளையிடுவதற்கென்றே தொண்டையைப் பல்லாண்டு காத்து வைத்திருந்த முதியோரும் ஆர்ப்பரிக்க, கதவருகே நின்ற மார்லிஸின் கண்கள் கலங்க, நடுவரின் ஊதல் வானைப் பிளக்க, நீர்நாய்ப் படையும் கடமான் படையும் களம் புகுந்தன.

ஓல்விக் முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது.