கதாநாயகனுக்கு விக்கல்

வீட்டுக் கம்ப்யூட்டரை நானே சரி செய்வது என்று முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளை நான் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எடுப்பேன். முன்னால் எடுத்தால் சாப்பாடு கிடைக்காமல் போகும் அபாயம் உண்டு.

"வேணாங்க. ரிப்பேர்க்காரரைக் கூப்பிடலாம்" என்றாள் மனைவி.

"நான் இருக்கும்போது வெளி ஆள் எதுக்கு?"

"நீங்க இருக்கறதாலதான்."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளாமல் நீண்ட இல்லறம் நடத்த முடியாது.

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். நிருபர்கள் முழம் முழமாக எழுதி அனுப்புவதைச் சாண் சாணாக்குவது என் வேலை. "மறைந்த அன்னாரின் சடலம் உயிரற்ற நிலையில் கண்டெடுக்கப்பட்டது" என்று ஒருவர் எழுதுவார். நான் வெட்டுவேன். வெட்டி முடித்த பிறகு சடலம் மட்டும் மிஞ்சும். அலுவலகத்தில் எனக்குக் 'கத்தரி' என்று பெயர். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதுகுவலி என்று சொல்லி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். அலுவலகத்தில் என் நாற்காலி ஆசிரியரின் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே. வீட்டில் என் நாற்காலிக்கு நேர் எதிரே கட்டில். எந்த முதுகும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கும். மதியத்தில் அந்தக் கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, தலைப்பு யோசிப்பேன். யோசனையின்போது என்னிடமிருந்து ஏதோ சத்தம் வருவதாக மனைவி சொல்வாள். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் ஒழுங்காகக் கதவு சாத்தக்கூடிய அறை அது ஒன்றுதான். கம்ப்யூட்டரும் ஒன்றுதான். அங்கேதான் சிக்கல்.

மனைவிக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. ஒலிப்புத்தகம் போடும் நிறுவனம் ஒன்று, ஒரு காதல் நாவலைப் படித்துப் பதிவு செய்து தரச் சொன்னது. நான் வேலைக்கு இடைவேளை விடும்போதெல்லாம் அவள் மைக்கை வைத்துப் படித்து, முதல் அத்தியாயத்தை அனுப்பினாள். உடனே பதில் வந்தது: 'குரல் அருமை. ஆனால் கதாநாயகனுக்கு ஏன் இத்தனை விக்கல்?'

போட்டுக் கேட்டோம்.

"நான் உன்னை உயி... டக்... ருக்கு உயிராக நே... கர்ர்ர்... சிக்கிறேன்."

காதலைச் சொல்கிறானா, கரும்பு கடிக்கிறானா என்று தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமான பதிவு வராவிட்டால் புத்தகம் வேறொரு குரலுக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தார்கள். மனைவி அதை வாசித்துவிட்டு மைக்கின் வயரைச் சத்தமில்லாமல் சுருட்டினாள். அவள் சத்தமில்லாமல் எதையாவது சுருட்டுவது இந்த வீட்டில் வானிலை எச்சரிக்கை மாதிரி.

மைக்கை மாற்றினோம். மின்விசிறியை நிறுத்தினோம். ஜன்னலுக்குத் தலையணை வைத்தோம். எங்களுக்கு வியர்த்தது; கதாநாயகன் வியர்க்காமல் விக்கினான்.

இரண்டு நாள் இணையத்தில் தேடிப் படித்து அவளே காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

"நெட்வொர்க் டிரைவர்ங்க. அதான் பண்ணுது."

"டிரைவரா? யாரு?"

"ஆள் இல்லீங்க. கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் நடுவுல நின்னு பேசற மென்பொருள். நம்மளுது பழசு. வீட்டுல ஒரே குளியலறை இருக்கு, ஒருத்தர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டா மத்தவங்க வெளியே நிக்கணும்ல? இது நிமிஷத்துக்கு நூறு தடவை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுது. சத்தம் வாசல்ல துண்டோட நிக்குது. அதான் டக், கர்ர்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அளந்து பாக்கற சின்ன சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. இந்த டிரைவர் வர்றப்பல்லாம் சிவப்புக் கோடு எகிறுது. நெட்டை நிறுத்திட்டா கோடும் அடங்குது, விக்கலும் அடங்குது. மதியம் ரெண்டு மணி நேரம் நிறுத்திக்கட்டுமா?"

"நெட்டை நிறுத்தறதா! எங்கேயாவது பூகம்பம் வந்தா?"

"வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நாலு பத்தியை ரெண்டாக்குவேன்."

"பூகம்பம் காத்துக்கிட்டிருக்கும். அதுக்கு உங்களைத் தெரியும்."

நான் மறுத்துவிட்டேன். பத்திரிகை தர்மம் என்று ஒன்று இருக்கிறது. மதியம் இரண்டு மணி நேரம் என்பது கட்டில் நேரம் என்றும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெரிய முடிவு: நெட்டும் இருக்க வேண்டும், விக்கலும் போக வேண்டும், இரண்டையும் நானே செய்து காட்ட வேண்டும்.

"சரி, உங்க இஷ்டம்" என்றவள், கம்ப்யூட்டரில் ஒரு நீளமான பட்டியலைத் திறந்து காட்டினாள். "ஆனா இந்தப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க. முக்கியமா இந்த நெட்வொர்க் டிரைவர். உங்க ஆபீஸ் ஞாபகத்துல வெட்டிடாதீங்க. கை வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

கை வைக்கக் கூடாது என்று என்னிடமே! எத்தனை தலையங்கத்தில் கை வைத்தவன் நான்!

அவள் கடைக்குப் போனதும் அந்தப் பட்டியலை ஒரு செய்தியைப் படிப்பதுபோல் படித்தேன். கம்ப்யூட்டர் இருக்கிறது. நெட்வொர்க் கார்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டிக்குள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருக்கின்றன. நடுவில் நின்று பேச டிரைவர் எதற்கு? அடுத்த வீட்டோடு பேசத் தூதுவர் வைப்பார்களா? சுத்தமான கூறியது கூறல். என் விரல் தானாகப் போயிற்று. 'டிரைவர் கோப்புகளையும் சேர்த்து அழிக்கவா?' என்று ஒரு கட்டம் கேட்டது. அரைகுறையாக வெட்டுவது எனக்குப் பிடிக்காது. டிக் அடித்தேன்.

மைக்கை இழுத்து, "நான் உன்னை உயிருக்கு உயிராக நேசிக்கிறேன்" என்று பதிவு செய்து கேட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு டக் இல்லை, ஒரு கர்ர் இல்லை. எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவரையும் கேட்க வைத்தேன்.

"குரல் யாரு சார்?"

"நான்தான்."

"யாருகிட்ட சொல்றீங்க?"

"கம்ப்யூட்டர்கிட்ட."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். திரையின் மூலையில் நெட்டைக் காட்டும் சின்னத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. நான் நூற்றுக்கணக்கான நிருபர்களின் பிரதியில் போட்ட அதே குறி.

"சார், நெட் இல்லையே!"

எதிர் வீட்டுக்காரர் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருப்பவர். "அணைச்சுட்டுப் போடுங்க. தானா வந்துடும்."

அணைத்துப் போட்டோம். வரவில்லை. அவரும் ஒருமுறை அணைத்துப் போட்டார். அவருக்கும் வரவில்லை.

"அந்த டிரைவரைத் திரும்பப் போட்டாத்தான் வரும் சார்."

"எங்கே கிடைக்கும்?"

"நெட்லதான்."

"நெட் எப்ப வரும்?"

"டிரைவர் போட்டதும்."

பிறகு அவர், அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போன் அடித்தது. ஆசிரியர்.

"கத்தரி! மூணாம் பக்கம் எங்கேய்யா?"

"சார், வீட்டுல நெட் போயிடுச்சு..."

"நெட்தானே போச்சு? நீங்க வாங்க."

கைபேசியிலேயே பக்கத்தைத் திருத்தலாமா என்று பார்த்தேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. ஒரு அமைச்சரைப் பாதியில் வெட்டியிருப்பேன்.

மனைவி திரும்பி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யய்யோ! அழிச்சுட்டீங்களா? அதை மட்டும் தொடாதீங்கன்னு சொன்னேனே!"

அந்த அய்யய்யோவில் லேசாக ஒரு ராகம் இருந்தது. பதற்றத்தில் நான் கவனிக்கவில்லை. என் ஆபீஸ் சட்டை இஸ்திரி போட்டுத் தயாராகத் தொங்கியதையும், பரணில் கிடந்த டிபன் டப்பா தேய்த்துக் கழுவிக் காய்ந்துகொண்டிருந்ததையும்கூட நான் கவனிக்கவில்லை. முப்பது வருடம் பிழை பார்த்தவனின் கண் இது.

"சரி, விடுங்க" என்றாள். "நெட் சரியாகற வரைக்கும் ஆபீஸ் போயிட்டு வாங்க. முதுகை நேரா வெச்சுக்குங்க."

போனேன். கண்ணாடி அறைக்கு எதிரே உட்கார்ந்தேன். கொட்டாவி விட்டால்கூட உள்ளேயிருந்து ஒரு தலை நிமிரும். வியாழக்கிழமை ஆசிரியர் என் மேஜையருகே வந்து நின்றார்.

"நீங்க வந்ததிலேருந்து மூணாம் பக்கம் சீக்கிரம் முடியுதேய்யா. முதுகும் நல்லா நிமிர்ந்திருக்கு. இனிமே இங்கேயே இருந்துடுங்க."

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால் மனைவி கழுத்தில் ஹெட்போனோடு கதவைத் திறந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஒத்துக்கிட்டாங்க! நாவல் முழுக்க முடிச்சு அனுப்பிட்டேன். அடுத்த புத்தகமும் எனக்கே!"

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பிழை கண்ணில் பட்டது.

"கம்ப்யூட்டர்ல நெட்டே இல்லையே. எப்படி அனுப்புனே?"

"பதிவை கேபிள் போட்டு போனுக்கு மாத்தி, போன்லேருந்து அனுப்புனேன்."

"போன்லேருந்தா?" யோசித்தேன். இந்த முறை சத்தமில்லாமல். "அப்ப அதே மாதிரி டிரைவரையும் போன்ல இறக்கி, கேபிள் வழியாக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்திருக்கலாமே?"

"கொண்டு வரலாமே. இறக்கி வெச்சிருக்கேன். புது டிரைவர். இது கதவைத் தாழ்ப்பாள் போடாதாம். நெட்டும் வரும், விக்கலும் இருக்காதாம்."

"எப்ப இறக்குனே?"

"கோளாறைக் கண்டுபிடிச்ச அன்னைக்கே."

நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கட்டில் இருந்த இடத்தில் மைக் நின்றது. கட்டில் கூடத்துக்குப் போயிருந்தது.

"அப்ப அழிக்காதீங்கன்னு என்கிட்ட ஏன் சொன்னே?"

"அழிக்கச் சொல்லியிருந்தா அழிச்சிருப்பீங்களா?"

கடைசியாக ஒரு திருத்தம் போட்டுப் பார்த்தேன்.

"ஏம்மா, அன்னைக்கே புதுசைப் போட்டிருந்தா நான் பாட்டுக்கு வீட்டுலயே இருந்திருப்பேன். உனக்கும் அந்த விக்கல் போயிருக்குமே!"

அவள் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"விக்கல் போயிருக்கும். குறட்டை?"