குறைகள் நீக்கப்பட்ட கீரை

கீரை நல்லது என்று பலேர்மோ தமிழர் ஆரோக்கியக் கமிற்றி ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏன் நல்லது என்று எழுதித்தரும் பொறுப்பு உணவியல் பட்டதாரி கேசிகாவுக்கு வந்தது. அவள் ஒரு பக்கம் நிறைய நன்மைகளை எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடுவோர், வைத்தியரைக் கேளாமல் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அந்தக் குளிசையைப் போடுகிறவர் அவளுடைய அப்பா தில்லையம்பலம். நகரின் பொலிதேயாமாப் பகுதியில் இருபது வருடம் வீடுகள் துடைத்து அவளைப் படிப்பித்தவர். கமிற்றி உறுப்பினரும்கூட.

செயலாளர் விமலராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, வடிவா எழுதியிருக்கிறீர். கடைசி வரி என்னத்துக்கு? நாங்கள் கீரையை ஆதரிக்கிற கமிற்றி."

"அது உண்மை அங்கிள்."

"உண்மைதான். நிகழ்ச்சிநிரலிலை இல்லை."

வரி வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. எதிர்த்து முதலில் கை தூக்கியவர் தில்லையம்பலம். மகளின் பெயர் போட்ட தாளில் பயமுறுத்தும் வரி கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே கபோ சந்தையில் கட்டுக்கட்டாகப் பசளிக் கீரை வாங்கி, காலையும் மாலையும் அரைத்துக் குடிக்கத் தொடங்கினார்.

"அப்பா, அந்த வரியை உங்களுக்காகத்தான் எழுதினனான்."

"அது கமிற்றியிலை தோத்த வரி, பிள்ளை."

மூன்றாம் கிழமை இரத்தம் உறைந்து கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். கீரை குளிசையை மறிக்கிறது, இவ்வளவு வேண்டாம், வழக்கம்போல அளவாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லி, இத்தாலிய வைத்தியர் குளிசையைக் கூட்டினார். தில்லையம்பலம் "வேண்டாம்" வரைக்கும் கேட்டார்; அன்றோடு கீரையை விட்டார்.

கமிற்றி அவசரமாகக் கூடி, கீரை கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. புதுத் தாளின் அடியிலும் கேசிகாவின் பெயர்.

"அங்கிள், கீரையை அடியோட விட்டாலும் ஆபத்து, இரத்தம் நிக்காமல் ஓடும். இப்ப குளிசையையும் கூட்டியிருக்கினம்."

"ஒரு கமிற்றிக்கு ரெண்டு நிலைப்பாடு இருக்கேலாது. விழாவிலை உமக்குப் பொன்னாடைக்கும் சொல்லியாச்சு."

பொன்னாடை என்றதும், மிச்சத்தை விழா முடியச் சொல்லலாம் என்று கேசிகாவுக்குத் தோன்றியது.

விழாவில் மகளுக்குப் பொன்னாடை போர்த்தக் கை தூக்கியபோது தில்லையம்பலத்தின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. நிற்கவில்லை. அம்புலன்சுக்குப் போன் அடிக்கச் சொன்னார் விமலராஜ். மண்டபத்தில் நூறு போன்கள் உயர்ந்திருந்தன. நூறும் மேடையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. கேசிகாவின் போனும் அதற்காகவே முன்வரிசையில் தோழி நிரோசினியிடம் இருந்தது. கேசிகா மேடையிலிருந்து போனுக்காகக் கையை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறும்," என்றாள் நிரோசினி, "வீடியோ முடியட்டும்."