ஓர் எழுத்துக்கு ஒரு பல்செட்டு

பெரிய மழை வந்து முடிச்சூர் ரோட்டில் படகு விட்டார்களே, நினைவிருக்கிறதா? என் கடைசி மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு யார் வீட்டு மாடியிலோ ஏறி நின்றது அந்த மழையில்தான். இறங்கமாட்டேன் என்று அது பண்ணின அமர்க்களம் இருக்கிறதே... வேண்டாம், மாட்டை ஆரம்பித்தால் பொழுது போய்விடும். அதற்கு அடுத்த கோடையில்தான் எங்கள் கீழ்க்கட்டளை பஞ்சர் அண்ணனுக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றின் மேல் பைத்தியம் பிடித்தது.

ஊரில் எல்லாரும் மெல்லுவதற்காகப் பல் கட்டிக்கொள்வார்கள். ஓர் எழுத்தைச் சொல்வதற்காகப் பல் கட்டிக்கொண்ட ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன், உலகத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். இதை மட்டும் சத்தியம் பண்ணுவேன்.

அவருக்கு நிஜப் பேர் என்று ஒன்று இருந்தது. ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் ஊருக்கே பஞ்சர் அண்ணன். டயரில் ஆணி குத்தியிருந்தால் குறடு தேடுகிற பொறுமை கிடையாது, பல்லாலேயே பிடுங்கிவிடுவார். அப்படிப் பிடுங்கியே மேல் வரிசை முழுவதையும் தொலைத்தார். கடைசிப் பல் ஒரு லாரி டயரோடு வேலூர் வரை போனதாகப் பேச்சு.

பக்கத்துத் தெருவில் ஃபிலோமினா டீச்சர். கான்வென்ட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். தம்பி தங்கைகளைக் கரையேற்றுகிற அவசரத்தில் தன் கல்யாணத்தை மறந்துபோனவர். தப்பாகப் பேசினால் அவருக்குப் பொறுக்காது. பூக்காரம்மா 'பிரெஷ்ஷு' என்றால், நிறுத்தி, 'ஃபிரெஷ்' என்று சொல்லவைத்த பிறகுதான் பூ வாங்குவார்.

அந்த டீச்சரின் ஸ்கூட்டிக்கு மட்டும் அடிக்கடி காற்று இறங்கிப்போனது. பஞ்சர் அண்ணன்தான் ரோட்டில் ஆணி போடுகிறார் என்று தெருவே பேசியது. கடைக்கு முன்னால் கிடக்கும் பழைய டயர்தான் எனக்கு நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு கேட்டேவிட்டேன்.

"இன்னாடா, ஆணி போடறியாமே?"

"அட போ நைனா. டியூபத் தண்ணில முக்குனா ஒரு கொப்புளம் வர்ல. ஓட்டையே கெடையாது. வால்வுல யாரோ காத்தப் புடுங்கிவுட்டுக்கினு கீறாங்க."

"யார்றா அது?"

"வண்டி ராத்திரில அவங்க வூட்டு கேட்டுக்கு உள்ள கீது. கேட்டுக்குப் பூட்டு கீது. நீயே ரோசன பண்ணு." சொல்லிவிட்டு, அறுபதை நெருங்குகிற மனிதர், வாளித் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார்.

"அப்ப வாயத் தொறந்து கேட்டுடு" என்றேன்.

அடுத்த முறை டீச்சர் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததும் கேட்டார். கையில் பம்பு, வாயெல்லாம் எச்சில். "பிலோமினா டீச்சர்... நீங்களும் தனியாத்தான் கீறீங்க... நானும் தனியாத்தான் கீறேன்..." அதற்கு மேல் காற்று ஏறவில்லை.

டீச்சர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "முதல்ல என் பேரை ஒழுங்கா சொல்லுங்க. மீதியை அப்புறம் கேக்கறேன்."

"இன்னா தப்பாச் சொல்லிட்டேன்?"

"பி இல்ல. ஃபி. மேல் பல்லு கீழ் உதட்டைத் தொடணும். நடுவுல காத்து வரணும். ஃபி."

ஸ்கூட்டி போய்விட்டது. பஞ்சர் அண்ணன் மேல் ஈறைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் முடியாது என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? கல்யாணத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான் நின்றது.

"வாழ்நாளெல்லாம் அந்தச் சத்தத்த அடைச்சிக்கினே கெடந்தேன் நைனா" என்றார். "ஊருல கீற ஓட்ட டியூபெல்லாம் அத்த அழகாச் சொல்லுது. என் வாய்க்குத்தான் வர மாட்டேங்குது."

தேங்காய்ச் சில்லைப் பல் மாதிரி சீவி, ஈறில் செருகிப் பார்த்தார். பேரில் பாதி வருவதற்குள் தேங்காய் உள்ளே போய்விட்டது. நாலைந்து சில்லு இப்படியே போனது. கொஞ்சம் பொட்டுக்கடலையும் கொடுத்திருந்தால் சட்னியே ஆகியிருக்கும். பிறகு ஓட்டை டியூபைக் காதில் வைத்துக்கொண்டு, அது சொல்லச் சொல்ல இவரும் உதட்டைக் குவித்து ஊதினார். ரோட்டில் போகிற பைக்குக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, தங்கள் வண்டிதான் என்று பதறி இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தார்கள். வந்ததற்கு ஆகட்டும் என்று காற்றடித்துக்கொண்டும் போனார்கள். வியாபாரம் அமோகம். எழுத்துதான் வரவில்லை.

கடைசியில் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பல்லாவரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனார்.

"சாப்பிடக் கஷ்டமா இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"சோத்துக்கு இல்ல சார். ஒரு எழுத்துக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கட்டிக்கிட்டா முறுக்கே கடிக்கலாம்" என்றார் டாக்டர்.

"முறுக்கு யாருக்கு சார் வோணும்? இங்கிலீஷு எப்பு வருமா, வராதா? அத்தச் சொல்லு."

பல்செட்டு வந்தது. வந்த பிறகும் இட்லியை ஈறால்தான் சாப்பிட்டார். "சோத்துக்குப் போட்டா தேஞ்சிடும் நைனா. இது எழுத்துக்கு வச்சது, எச்சில் பண்ணக் கூடாது" என்பார். பல்செட்டு சட்டைப் பையில், வால்வு போட்டுவைக்கிற தகர டப்பாவில் இருக்கும். பேச்சு நடுவில் அந்த எழுத்து வந்தால், "இரு" என்று கையைக் காட்டிவிட்டு, டப்பாவைத் திறந்து, பல்லை மாட்டி, "ஃபேன்" என்று சொல்லிவிட்டு, கழற்றித் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, "...ன போடு" என்று முடிப்பார். அதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிடும்.

எழுத்து படிந்ததும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. ஃபல்லாவரம் என்றார். ஃபாலு, ஃபழம், ஃபஞ்சரு என்றார். "எங்க வருமோ அங்க மட்டும் போடுடா" என்றேன். "வாங்கனது வாங்கிட்டேன். சும்மா கெடக்குதே" என்றார்.

மறுபடியும் டீச்சரின் ஸ்கூட்டிக்குக் காற்று இறங்கியது. அன்றைக்குப் பஞ்சர் அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. டப்பாவைத் திறந்தார், பல்லை மாட்டினார், கண்ணை மூடினார்.

"ஃபிலோமினா!"

அப்படி ஒரு சுத்தம். காற்று மட்டும் கொஞ்சம் கூடிப்போயிற்று. பேரோடு சேர்ந்து பல்செட்டும் கிளம்பி, டியூப் முக்குகிற வாளியில் தொபுக்கென்று விழுந்தது. கொப்புளம் கொப்புளமாக வந்தது. நான் டயரை விட்டு எழுந்தேவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பஞ்சர் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

டீச்சர் வளையலை மேலே தள்ளினார். அந்தக் கறுப்புத் தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். பல்லை எடுத்து, தன் பாட்டில் தண்ணீரில் கழுவி நீட்டினார்.

"காதுல விழுந்துச்சு. மீதியைச் சொல்லுங்க."

பதிவு ஆபீஸில் கல்யாணம். சாட்சி நான், என்னுடையது கைநாட்டு. "பொண்ணு பேர்?" என்று கேட்ட ஆபீசரிடம், "ஒரு நிமிசம் சார்" என்று டப்பாவைத் திறந்தாரே, அந்த ஆபீசர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பேரை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை! "இந்தாம்மே" தான். டீச்சர் என்னிடம் பொருமினார்: "இவ்ளோ கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டாரே, அந்த எழுத்தை எங்கதான் வச்சிருக்காரு?" நான் போய்க் கேட்டால், "கட்டின பொண்டாட்டியப் பேர் சொல்லிக் கூப்புட்றதா? இன்னா நைனா, மரியாத வேணாவா?" என்கிறார். பல் மட்டும் டப்பாவில் பத்திரமாக இருந்தது.

போன வருஷம் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸ் டப்பாவை வாங்கி டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் கைப்பையில் போட்டுக்கொண்டார். சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். ஆனால் வெளியே கொண்டுவந்து வெகுநேரம் ஆகியும் ஆள் கண் திறக்கவில்லை. நான் மாட்டுக் கதையைச் சொன்னேன், டீச்சர் அதைக் கேட்கவில்லை.

அப்புறம் மெதுவாக உதடு அசைந்தது. பொக்கை வாயால், ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"பிலோமினா... ஏ பிலோமினா..."

"யாருங்க பிலோமினா?" என்று நர்ஸ் திரும்பிக் கேட்டார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். பூக்காரம்மாவையே விடாதவர். இதோ திருத்தப்போகிறார், இதோ கைப்பையைத் திறந்து டப்பாவை எடுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கைப்பை மூடியபடியே நாற்காலியில் கிடந்தது. டீச்சர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்" என்றார்.

மயக்கத்தில் கூப்பிட்டது பஞ்சர் அண்ணனுக்கு நினைவில்லை. இன்னமும் "இந்தாம்மே" தான். டீச்சர் சொல்லமாட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, கேட்டால் அழுதாலும் அழுவான். நீங்கள் அந்த ரோட்டில் போனால், டயரில் காற்று இருந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போங்கள்: அன்றைக்கு அவன் தப்பாகத்தான் சொன்னான், டீச்சர் திருத்தவில்லை என்று.